தவக்காலத்தின் மிச்சக் கணக்கு

கிறிஸ்தவர்களின் தவக்காலம் இவ்வாண்டு பிப்ரவரி 18ஆம் நாள் தொடங்கியது. ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று நிறைவு பெறுகிறது. தொடக்க நாளைக் கத்தோலிக்கர் திருநீற்றுப் புதன் என்பர். தென்னிந்தியத் திருச்சபையார் சாம்பல் புதன் என்பர். அவர்கள் இல்லங்களில் ‘லெந்து நாட்கள்’ என்ற சொல்லும் இன்னும் வழக்கில் இருக்கிறது. பெயர் எதுவாயினும், இந்த நாட்களில் பல குடும்பங்களில் ஏதேனும் ஒரு பழக்கம் நிறுத்தி வைக்கப்படுகிறது. ஒருவர் இறைச்சியை விடுகிறார், ஒருவர் மதுவை, ஒருவர் புகையிலையை. அண்மைக் காலமாக இளைஞர்கள் கைப்பேசியில் காணொளி பார்ப்பதை விடுவதாகச் சொல்கிறார்கள். ‘நிறுத்தி வைக்கப்படுகிறது’ என்று எண்ணியே எழுதுகிறேன். நிறுத்துவது வேறு, நிறுத்தி வைப்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான் கடம்பத்தூரில் வசிக்கிறேன். சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில், திருவள்ளூரைத் தாண்டி ஏகாட்டூருக்கு அடுத்த நிலையம். நெல் வயல்களுக்கும் ஆலைச் சுற்றுச்சுவர்களுக்கும் நடுவே வளர்ந்த ஊர். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மிட்சுபிஷி கார்கள் ஒருகாலத்தில் இங்கே, அதிகத்தூரில்தான் உருவாயின. இன்றும் உதிரிபாக ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகள் வந்துபோகும் நேரத்தை வைத்தே எங்கள் தெருவில் பலர் மணி பார்க்கிறார்கள். ஷிப்ட் முறையில் உழைத்துக் களைத்த உடம்புக்கு ஒரு குவார்ட்டர் மருந்து என்று நம்புகிறவர்கள் இங்கே குறைவில்லை. ஆகவே, தவக்காலம் எங்கள் ஊரில் வழிபாட்டு நிகழ்வாக மட்டும் இருப்பதில்லை. சில வீடுகளில் அது வரவு செலவையே மாற்றிவிடும் காலம்.

தமிழ்க் கத்தோலிக்கரிடம் இதற்கென்றே இரண்டு அழகிய சொற்கள் உண்டு. நாளுக்கு ஒருவேளை மட்டும் நிறைவாக உண்பது ஒருசந்தி. இறைச்சியை விலக்கி உண்பது சுத்தபோசனம். ஒருசந்தி என்ற சொல் இந்து விரத மரபிலும் புழங்குவதே. முற்காலத்தில் தவக்காலத்தின் ஞாயிறு தவிர்த்த நாளெல்லாம் ஒருசந்தி என்று இருந்தது. 1966 பிப்ரவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்தக் கடமையைத் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாட்களாகச் சுருக்கினார். இன்றைய திருச்சபைச் சட்டப்படி 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறையும்வரை ஒருசந்தி இருக்க வேண்டும். 14 வயது நிறைந்தவர்கள் சுத்தபோசனம் காக்க வேண்டும். அறுபதைத் தாண்டிவிட்ட எனக்கு ஒருசந்தியிலிருந்து விலக்கு உண்டு. சட்டம் விலக்கினாலும் சர்க்கரை அளவு விலக்குவதாக இல்லை என்பது வேறு கதை. சுத்தபோசனத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. மீன் இறைச்சியில் சேராது என்பதால், வெள்ளிக்கிழமை கோழியைத் தவிர்த்து, அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள வஞ்சிரத்தை வாங்கி உண்டு விரதம் காத்தவர்களை நான் அறிவேன். விதி காக்கப்பட்டது, செலவு கூடியது.

நாற்பது நாள் என்ற கணக்கே ஒரு பொருளியல் கணக்குதான். புதன் முதல் உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தைய சனிவரை எண்ணினால் 46 நாட்கள் வரும். ஞாயிற்றுக்கிழமைகள் நோன்பு நாட்கள் அல்ல. அந்த ஆறையும் கழித்தால் நாற்பது. தொடக்கத்தில் ஆறு வாரங்களுக்கு, வாரத்துக்கு ஆறு நாட்களாக 36 நாட்களே நோன்பு இருந்தது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரியார் இதை ஆண்டின் பத்திலொரு பங்கு என்று விளக்கினார். விளைச்சலில் பத்திலொன்றைக் காணிக்கையாகத் தருவதுபோல நாட்களிலும் பத்திலொன்று. முன்னால் நான்கு நாட்களைச் சேர்த்து நாற்பதாக்கியது பிற்காலத்தவர். தசமபாகம் என்றால் கொடுத்துவிடுவது; திரும்ப எடுத்துக்கொள்வதல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ள வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தீது என்று தெரிந்த ஒன்றை விட ஏன் இத்தனை ஏற்பாடு? பொருளியல் இந்தக் கேள்வியை நெடுங்காலம் தவிர்த்தே வந்தது. மனிதன் தனக்கு எது நன்மை என்று அறிந்து அதையே தேர்ந்தெடுப்பான் என்பது எங்கள் பாடநூல்களின் முதல் பக்கம். ரிச்சர்ட் தேலர் என்ற பொருளியலாளர் மாணவப் பருவத்தில் தம் வீட்டு விருந்தில் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியை அடிக்கடி சொல்வார். உணவுக்கு முன் வைத்த முந்திரிக் கிண்ணம் வேகமாகக் காலியாவதைக் கண்டு அவர் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். நண்பர்கள் கோபிக்கவில்லை, நன்றி சொன்னார்கள். பாடநூல்படி இது நடக்கக்கூடாது. தேர்வுக்கான வாய்ப்புக் குறைந்தால் மனிதன் மகிழக்கூடாது. ஆனால் மகிழ்ந்தார்கள். ஏனெனில் ஒவ்வொருவருக்குள்ளும் இருவர் இருக்கிறார்கள்: நாளையைத் திட்டமிடுகிறவர் ஒருவர், இப்போதே அனுபவிக்க விரும்புகிறவர் ஒருவர். இந்தக் கருத்தைத் தேலரும் ஷெஃப்ரின் என்பவரும் 1981இல் ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். தேலருக்கு 2017இல் நோபெல் பரிசு கிடைத்தது. தவக்காலம் என்பது ஒரு சமூகம் முழுவதும் கூடி, ஒரே நாளில் முந்திரிக் கிண்ணத்தை உள்ளே எடுத்து வைக்கும் ஏற்பாடு.

‘கூடி’ என்பதுதான் இதில் முக்கியம். அதற்கு ஒரு நல்ல சான்று அமெரிக்க மீன் சந்தையிலிருந்து கிடைக்கிறது. 1966 வரை கத்தோலிக்கர் ஆண்டு முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி உண்ணக்கூடாது. அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்க ஆயர்கள் தவக்காலத்துக்கு வெளியே இந்தக் கடமையைத் தளர்த்தினார்கள். வெள்ளிக்கிழமை தவத்தை விட்டுவிடுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. அவரவர் விருப்பப்படி கடைப்பிடியுங்கள் என்றே சொன்னார்கள். அடுத்த சில மாதங்களில் என்ன நடந்தது என்பதை ஃபிரெடரிக் பெல் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். ‘திருத்தந்தையும் மீன் விலையும்’ என்பது 1968இல் வெளியான அவருடைய கட்டுரையின் தலைப்பு. நியூ இங்கிலாந்துப் பகுதித் துறைமுகங்களில் மீன் விலை சராசரியாகச் சுமார் 12.5 சதவீதம் வீழ்ந்திருந்தது. பக்தி ஒரே ஆண்டில் குறைந்துவிட்டதாக எண்ணத் தேவையில்லை. எல்லாரும் சேர்ந்து செய்தது தனித்தனி விருப்பமாக மாறியதும், அதைத் தாங்கிப் பிடித்திருந்த தூண் சாய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் உண்ணாதபோது நான் உண்ணாமலிருப்பது எளிது. அவர் வீட்டுக் குழம்பு மணக்கும்போது கடினம்.

நம் ஊர் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கார்த்திகை முதல் நாள் மாலை அணிந்தவரைக் குடிக்க அழைக்கும் நண்பர் எவரும் இல்லை. கழுத்தில் தொங்கும் மாலையே அவருக்குப் பதிலாக ‘இல்லை’ என்று சொல்லிவிடுகிறது. இவ்வாண்டு தவக்காலம் தொடங்கிய அதே வாரத்தில் ரமலான் நோன்பும் தொடங்கியது. திருவள்ளூர் கடைத்தெருவில் நோன்பு நோற்கும் நண்பருக்கு முன் தேநீர்க் கோப்பையை நீட்ட எவருக்கும் கை வராது. மறுக்கிறவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் பருவகால விரதங்கள் தரும் மிகப் பெரிய வசதி. சாதாரண நாளில் மது வேண்டாம் என்கிறவர் தன்னை விளக்கியாக வேண்டும். கேலிக்கும் ஆளாக வேண்டும்.

மது தொடர்பாகப் பொருளியலாளர் அறிந்த மிகச் சிறந்த ஆய்வுகளுள் ஒன்று, எங்கள் மின்சார ரயில் போய் நிற்கும் சென்னையிலேயே நடந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் ஷில்பாக் 229 சைக்கிள் ரிக்‌ஷாத் தொழிலாளர்களை மூன்று வாரங்கள் ஆராய்ந்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டார். தொழிலாளர்கள் நாள்தோறும் ஆய்வு அலுவலகத்துக்கு வருவார்கள். மூச்சுக் கருவியில் ஊதுவார்கள். விரும்பினால் அங்கேயே பணம் சேமிப்பார்கள். ஒரு பிரிவினருக்குக் குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் 90 ரூபாய். இன்னொரு பிரிவினருக்குக் குடிக்காமல் வந்தால் 120, குடித்து வந்தால் 60. இரண்டாவது பிரிவினரிடம் பகல் நேரக் குடி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது, அவர்களுடைய சேமிப்பு ஏறத்தாழ 60 சதவீதம் உயர்ந்தது. குடிக்குப் போகாமல் மிஞ்சிய பணமும் கூடுதலாகக் கிடைத்த பணமும் இந்த உயர்வில் பாதிக்கு மேல் விளக்கவில்லை. மீதி எங்கிருந்து வந்தது? தெளிந்த மனத்தோடு அலுவலகத்துக்குள் நுழைந்தவர் நாளையை நினைத்தார் என்பதே ஆய்வாளரின் முடிவு.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. என்னை அதிகம் பாதித்தது அதுதான். ‘நிபந்தனை இல்லாத பணம் வேண்டுமா, குடிக்காமல் இருந்தால் மட்டுமே முழுமையாகக் கிடைக்கும் பணம் வேண்டுமா?’ என்று கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டோர் தமக்குச் சிறிது நட்டம் என்றாலும் நிபந்தனையையே தேர்ந்தெடுத்தார்கள். குடிப்பவர் குடியை விரும்பியே குடிக்கிறார், அவருக்கு அறிவுரை ஏறாது என்று நாம் பேசிவருகிறோம். அந்த ரிக்‌ஷாத் தொழிலாளர்களோ, தங்களைக் கட்டிப்போட ஒரு கயிறு கிடைத்தால் அதற்குக் காசு கொடுக்கவும் ஆயத்தமாக இருந்தார்கள். ஏழைக்குத் தன்னடக்கம் போதாது என்று வகுப்பறையில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்குப் போதாமலிருப்பது கயிறு. வசதி படைத்தவருக்குச் சம்பளத்தில் பிடிக்கப்படும் வருங்கால வைப்பு நிதி முதல் குடும்ப மருத்துவர்வரை எத்தனையோ கயிறுகள் இருக்கின்றன.

தவக்காலம் அப்படி ஒரு கயிறு, அதுவும் விலையின்றிக் கிடைப்பது. ஆனால் அது 46ஆம் நாள் அவிழ்ந்துவிடும் கயிறு.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். கணவர் உதிரிபாக ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஆண்டுதோறும் தவக்காலத்தில் ஒரு சொட்டும் தொட மாட்டார். வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குப் பிள்ளைகளோடு முதல் ஆளாக நிற்பார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் மனைவி என்னிடம் சொன்னார்: “எல்லாரும் ஈஸ்டர் எப்ப வரும்னு காத்திருப்பாங்க சார். எனக்கு மட்டும் அது வந்துடுமேன்னு பயமா இருக்கும்.” நாற்பது நாள் மிஞ்சிய பணம் சட்டைப் பையிலேயே இருக்கும், உயிர்ப்பு ஞாயிறன்று பிரியாணிக்கும் நண்பர்களோடு நடக்கும் விருந்துக்குமாக மூன்றே நாளில் கரைந்துவிடும். உண்மையில் அவர் குடியை விடவில்லை. குடிச் செலவைத் தள்ளிப் போட்டிருந்தார். ஈஸ்டருக்காகச் சேமித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

கணக்கைப் பார்ப்போம். சாதாரண ரகக் குவார்ட்டர் 140 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாற்பது நாளுக்கு 5,600 ரூபாய். மகளிர் உரிமைத் தொகையாக அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட உரிமைத் தொகை ஒரு தவக்காலத்தில் அந்த வீட்டிலேயே மிஞ்சுகிறது. ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் 51,100 ரூபாய். இப்படிப் போகும் சிறு தொகைகள் சேர்ந்துதான் டாஸ்மாக் வழியாக 2023-24இல் அரசுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் வந்தது.

விடப்பட்ட ஒன்றுக்குப் பதிலாக என்ன வைப்பது என்ற கேள்வியைத் தமிழ்நாடு ஒருமுறை அரசு அளவில் சந்தித்திருக்கிறது. 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள், சாராய வருவாயை இழந்தால் கருவூலம் என்னாகும் என்பதை அவர் முன்கூட்டியே யோசித்தார். 1939இல் சென்னை மாகாணம் இந்தியாவிலேயே முதன்முறையாகப் பொது விற்பனை வரியை விதித்தது அந்த யோசனையின் விளைவே. மதுவிலக்கு பின்னர் தளர்ந்தது, 1971இல் விலக்கப்பட்டது, மீண்டும் வந்தது, மீண்டும் போனது. விற்பனை வரி மட்டும் வேறு பெயர்களில் இன்றுவரை நிற்கிறது. ராஜாஜியின் மதுவிலக்குக் கொள்கையைப் பற்றி எனக்குத் தயக்கங்கள் உண்டு. ஆனால் ஒன்றை விடும்போதே கணக்கேட்டின் மறுபக்கத்தையும் எழுதிவிட வேண்டும் என்ற அவருடைய பாடம் குடும்பத்துக்கும் பொருந்தும். அரசுக்கு இழந்த வரவின் இடத்தில் வேறு வரவு வேண்டும். குடும்பத்துக்கு நின்றுபோன செலவின் இடத்தில் வேறு செலவு வேண்டும். மிஞ்சிய பணம் வேலையில்லாமல் இருந்தால், அது பழைய வேலைக்கே திரும்பிப் போகும்.

சமய மரபுகள் இதைப் பொருளியலுக்கு வெகு முன்னரே கண்டிருந்தன. செபம், நோன்பு, ஈகை மூன்றும் சேர்ந்ததே தவக்காலம். நோன்பால் மிஞ்சுவது ஏழைக்குப் போக வேண்டும், இல்லையேல் அது கஞ்சத்தனமே என்பது தொடக்கத் திருச்சபைத் தந்தையரின் ஓயாத வாதம். ரமலானில் ஃபித்ரா தர்மத்தைப் பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்ற விதி இன்னும் கூர்மையானது. பண்டிகைச் செலவு கையை நீட்டுவதற்கு முன்னரே பணம் இடம் மாறிவிடுகிறது. மிசோரம் கிறிஸ்தவப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் திருச்சபைக்கென எடுத்து வைக்கும் வழக்கம் ஒரு நூற்றாண்டைத் தாண்டி நிலைத்திருக்கிறது. காஞ்சிப் பெரியவர் வலியுறுத்திய பிடி அரிசித் திட்டமும் இதே வகையே. இவற்றிலெல்லாம் ஈகை என்பது மிஞ்சியதைப் பார்த்துப் பின்னர் எடுக்கும் முடிவாக விடப்படவில்லை. உலை வைப்பதற்கு முன்பே பிடி எடுக்கப்படுகிறது. இன்று நாம் நோன்பைத் தனியாகப் பிரித்தெடுத்து ஒரு மனவலிமைப் பயிற்சியாக்கிவிட்டோம். மாதக் கடைசியில் உண்டியலில் எதையோ போடுகிறோம். மூன்று கால் முக்காலியின் ஒரு காலில் உட்கார்ந்திருப்பது போன்றது இது.

பணத்தை முன்கூட்டியே பிணைத்துவிட்டால் பழக்கம் நிலைக்கும் என்பதற்குக் கத்தோலிக்க நாடான பிலிப்பைன்ஸிலிருந்தும் ஓர் ஆய்வு உண்டு. மிண்டனாவோ தீவில் புகைப்பவர்களுக்கு ஒரு வங்கி தனிக் கணக்கு தொடங்கிக் கொடுத்தது. ஆறு மாதம் பணம் போட வேண்டும். முடிவில் சிறுநீர்ப் பரிசோதனையில் தேறினால் பணம் திரும்பக் கிடைக்கும், தவறினால் அறக்கொடைக்குப் போய்விடும். 2010இல் வெளியான முடிவுகளின்படி, இக்கணக்கு வழங்கப்பட்டவர்களில் புகையை விட்டவர்களின் விகிதம் மற்றவர்களைவிட 3 சதவீதப் புள்ளிகள் கூடுதல். பெரிய எண் அல்ல. இந்தக் கணக்கைத் தொடங்க முன்வந்தவர்களே பத்தில் ஒருவர் அளவுதான். ஆனால் பன்னிரண்டாம் மாதம் முன்னறிவிப்பின்றிப் பரிசோதித்தபோதும் அந்த வேறுபாடு நிலைத்திருந்தது. பணப் பிணைப்பு முடிந்து ஆறு மாதம் ஆன பிறகும் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கால அளவைப் பற்றியும் ஒரு சொல். ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாற எத்தனை நாளாகும்? லண்டனில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில் நடுவளவாகக் கிடைத்த விடை 66 நாட்கள். சிலருக்கு 18 நாளில் படிந்தது. சிலருக்கு 254 நாள் ஆகலாம் என்று கணிக்கப்பட்டது. நாற்பது நாள், அல்லது ஒரு மண்டலம், பலருக்குப் போதாது என்று இதற்குப் பொருள். இவ்வாண்டின் சாம்பல் புதனிலிருந்து எண்ணினால் 66ஆம் நாள் ஏப்ரல் 24. உயிர்ப்பு ஞாயிற்றுக்குப் பின் இன்னும் ஏறத்தாழ மூன்று வாரம். திருச்சபை நாட்காட்டியில் அது பாஸ்கா காலம். பெந்தெகொஸ்தே வரை ஐம்பது நாட்கள் நீளும் மகிழ்ச்சிக் காலம். விரதம் முடிந்துவிட்ட அந்த நாட்களில்தான் பழக்கத்தின் விதி எழுதப்படுகிறது. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒருநாள் சறுக்கியதும் ‘விரதம் முறிந்துவிட்டது, இனி என்ன’ என்று முழுவதையும் கைவிடும் நம் வழக்கத்துக்கு ஆதாரமே இல்லை.

மிஞ்சும் நேரத்துக்கும் இதே கணக்குதான். மாலை ஷிப்ட் விட்டு வரும் மனிதன் கடைக்குப் போவது மதுவுக்காக மட்டும் அல்ல. அங்கே பேச ஆள் இருக்கிறது. மேலாளரைத் திட்ட இடம் இருக்கிறது. குடியை விட்டவர் அந்த ஒரு மணி நேரத்தையும் இழக்கிறார். தவக்காலத்தில் கோயில் அந்த நேரத்தை நிரப்புகிறது: வெள்ளிதோறும் சிலுவைப் பாதை, அன்பியக் கூட்டம், புனித வாரத்துக்கான ஆயத்தம். ஈஸ்டர் முடிந்த வாரம் எல்லாம் அமைதியாகிவிடும். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் கூட்டங்களை எந்தப் பருவத்திலும் நிறுத்துவதில்லை. நாற்பது நாளைப் பற்றியும் அது பேசுவதில்லை, இன்று ஒருநாளைப் பற்றியே பேசுகிறது. எங்கள் பகுதிக் கோயில்களும் சபைகளும் பாஸ்கா காலத்தின் முதல் மூன்று வாரங்களுக்கு மட்டுமாவது மாலை நேரத்தில் கதவைத் திறந்து, ஒரு கேரம் பலகையும் தேநீரும் வைத்தால், பல மறையுரைகளைவிட அது பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாள்தோறும் அதிகமாகக் குடித்துவந்தவர் விரதத்தின் பெயரால் ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்படலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். இது மன உறுதிக் குறைவல்ல, மருத்துவம் தேவைப்படும் நிலை. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய சிகிச்சை மையமும் இருக்கிறது. மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்கும் தவத்துக்கு மதிப்புக் குறைந்துவிடாது.

நான் சொன்ன குடும்பத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு தவக்காலம் மார்ச் 5இல் தொடங்கியபோது, அந்த அம்மையார் ஒரு வாரச் சீட்டில் சேர்ந்தார். வாரம் 700 ரூபாய், இருபது வாரம். 700 என்பது ஐந்து குவார்ட்டர் என்று அவரே கணக்குச் சொன்னார். மகளின் பாலிடெக்னிக் கட்டணத்துக்கென்று முன்பே பேசி, கணவரையே தவணை கட்டும் ஆளாக்கினார். சீட்டு பிடிப்பவர் அவருடன் ஆலையில் வேலை செய்பவர் என்பதால், தவணை தவறினால் ஷிப்டில் முகம் பார்க்க முடியாது. ஏப்ரல் 20 ஈஸ்டர் வந்தது, விருந்து நடந்தது, அவர் குடித்தார். ஆனால் மறுவாரத் தவணை நின்றது. அடுத்தடுத்த வாரங்களில் குடி சனிக்கிழமைக்கு ஒதுங்கியது. ஜூலை இறுதியில் சீட்டு முடிந்து 14,000 ரூபாய் கைக்கு வந்தது, கட்டணம் கட்டப்பட்டது. ஆகஸ்டில் வாரத்தின் நடுவிலும் ஓரிரு நாட்கள் கால் தடுமாறி வந்ததைப் பார்த்தேன். வெற்றி என்று அந்த அம்மையார் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். சீட்டு இருந்தவரை கயிறு இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். இவ்வாண்டு அவர் நாற்பது வாரச் சீட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஆண்டின் நாட்காட்டியில் ஒரு சிக்கல் இருக்கிறது. உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5. எங்கள் பகுதி ஆலைகளில் மாதச் சம்பளம் வருவது 7ஆம் தேதியை ஒட்டி. விரதம் முடிந்து இரண்டே நாளில் முழுச் சம்பளம் கைக்கு வரும். நாற்பது நாள் தாகமும் ஒரு மாதக் கூலியும் ஒரே வாரத்தில் சந்திக்கின்றன. மிஞ்சிய பணத்துக்கு அதற்கு முன்பே ஓர் இடம் குறித்துவிடுவது நல்லது. அஞ்சலகத்திலோ வங்கியிலோ மாதம் 8ஆம் தேதி தானாகப் பிடித்தமாகும் தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கலாம். சீட்டில் நம்பிக்கை உள்ளவர் சீட்டில் சேரலாம். ஈகைக்கென்று நினைத்த தொகையைப் புனித வாரத்துக்கு முன்பே கொடுத்துவிடலாம். வங்கிகளுக்கு ஏப்ரல் 1 ஆண்டுக் கணக்கு முடிப்பு, 3 பெரிய வெள்ளி. ஆகவே கடைசி வாரத்துக்கு விட்டுவைக்காமல் மார்ச் மாதத்திலேயே போய்வர வேண்டும். போகும்போது கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போய், கணக்கை இருவர் பெயரிலும் தொடங்க வேண்டும்.